1915இல் கட்டிய வீட்டுக்கு டியூடர் என்று பெயர் வைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலைக்காக ஓஹையோ வந்திருக்கிறீர்கள். அக்ரன் நகரில் ஸ்டான் ஹீவெட் ஹாலைச் சுற்றிப் பார்த்தீர்கள். வழிகாட்டி அதை டியூடர் மறுமலர்ச்சிப் பாணி என்று சொன்னார். இங்கிலாந்தை ஆண்ட டியூடர் அரசர்கள் 1603ஓடு முடிந்துபோனார்கள், வீடோ 1915இல் முடிந்தது, அப்படியென்றால் இது சினிமா செட் மாதிரி ஒரு போலிதானே, இதில் பார்த்து வியக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். கூடவே, நீங்கள் வாங்கலாமா என்று யோசிக்கும் 1920களின் செங்கல் வீடும் இதே சாயலில் இருக்கிறது, அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பழைய செங்கல் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போலி என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். அதே சமயம் டியூடர் என்ற சொல்லும் இந்த வீட்டுக்கு முழுசாகப் பொருந்தாது. வழிகாட்டிகள் பாணி, பாணி என்றே பேசுவார்கள், ஆனால் இந்த வீட்டைக் கட்டியவர்கள் எடுத்துவந்தது ஒரு பாணியை அல்ல, பல தலைமுறை பழகிய ஒரு வீட்டின் வயதை. பாட்டன் கட்டியது ஒரு கட்டு, மகன் இழுத்துக் கட்டியது இன்னொரு கட்டு, பேரன் சன்னலைப் பெரிதாக்கினான் என்று நூறு இருநூறு வருடம் வளர்ந்த வீட்டுக்கு ஒரு தோற்றம் வரும் இல்லையா, அதை மூன்றே வருடத்தில் வரவழைக்க வேண்டும் என்பதுதான் அங்கே இருந்த சவால். அது நடந்திருக்கிறதா என்று பாருங்கள், வீடு வேறு மாதிரி தெரியும்.

(பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்தைப் பார்த்து எல்லோரும் ஹைவெட் என்றுதான் படிப்போம். உள்ளூர்க்காரர்கள் ஹீவெட் என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் கல் வெட்டிய இடம் என்று பொருள். அந்த இடத்தில் முன்பு ஒரு கல் குவாரி இருந்தது.)

வீட்டுக்காரர் ஃபிராங்க் சைபர்லிங். 1898இல் அக்ரனில் குட்இயர் டயர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். கையில் காசில்லாமல், மைத்துனரிடம் 3,500 டாலர் கடன் வாங்கி ஒரு பழைய அட்டை ஆலைக்கு முன்பணம் கட்டித் தொடங்கிய தொழில் அது. பத்துப் பதினைந்து வருடத்தில் கார் பெருகியது, டயர் பெருகியது, பணமும் பெருகியது. 1912இல் மனைவி கெர்ட்ரூடையும் மகளையும் கட்டடக் கலைஞர் சார்லஸ் ஷ்னைடரையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து போய் பழைய வீடு வீடாகப் பார்த்தார்கள். அந்தப் பயணத்தில் மனதில் தங்கியவை என்று மூன்று வீடுகளைச் சொல்வார்கள்: வாரிக்ஷயரில் உள்ள காம்ப்டன் வின்யேட்ஸ், பெர்க்ஷயரில் உள்ள ஆக்வெல்ஸ் மேனர், டெர்பிஷயரில் உள்ள ஹாடன் ஹால்.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இந்த மூன்று பெயர்களிலேயே இருக்கிறது. காம்ப்டன் வின்யேட்ஸ் செங்கல் வீடு. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, எட்டாம் ஹென்றியின் அரசவையில் செல்வாக்காக இருந்த வில்லியம் காம்ப்டன் காலத்தில் பெரிதானது. அது அசல் டியூடர், சந்தேகமில்லை. ஆக்வெல்ஸ் மரச்சட்ட வீடு, சட்டங்களுக்கு நடுவே செங்கல் அடைத்தது. அதைக் கட்டிய காலம் 1450களை ஒட்டி, அதாவது டியூடர்கள் 1485இல் அரியணை ஏறுவதற்கு ஒரு தலைமுறை முன்பு. ஹாடன் ஹால் கல் வீடு. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. ஆக ஒன்று செங்கல், ஒன்று மரம், ஒன்று கல், அதில் ஒன்று டியூடருக்கு முந்தியது, ஒன்று டியூடருக்கு முன்னும் பின்னும் நீள்வது. இந்த மூன்றையும் ஒரே வீட்டில் சேர்த்தால் அதை டியூடர் என்று எப்படிச் சொல்வது? நாமும் ஊரில் பழைய வீடு எதைப் பார்த்தாலும் நாயக்கர் காலம் என்று சொல்லிவிடுவோமே, அது மாதிரிதான்.

ஆனால் இந்தக் கலவை தெரியாமல் நடந்ததல்ல. செங்கல் சுவருக்குப் பக்கத்தில் மரச்சட்ட முகப்பு, அதை அடுத்துக் கல் சன்னல், ஒரு கூரை உயரம், அடுத்தது தாழ்வு, இடப்பக்கம் ஒரு முக்கோண முகப்பு என்றால் வலப்பக்கம் அதற்கு ஜோடி கிடையாது. நேர் எதிரே நின்று பார்த்தால் எங்கேயும் சரிசமம் இல்லை. அதே காலத்தில் கோடீஸ்வரர்கள் கட்டிய பிரெஞ்சு, இத்தாலிய மாளிகைகளைப் பாருங்கள். நடுவில் வாசல், இரண்டு பக்கமும் எண்ணி வைத்த மாதிரி தூண். பணம் அப்படித்தான் வெளிப்படையாகப் பேசும். ஸ்டான் ஹீவெட்டில் 65 அறைகள் இருந்தும் வாசலில் நிற்கும்போது அவ்வளவு பெரிய வீடு என்று உறைப்பதில்லை. பெரிய ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி அடுக்கியிருப்பதுதான் காரணம். இது லேசான வேலை இல்லை. சமச்சீரான வீட்டில் பாதி வரைந்தால் மீதி தானே வந்துவிடும், சமச்சீர் இல்லாத வீட்டில் ஒவ்வொரு மூலையையும் தனியாக யோசிக்க வேண்டும்.

சரி, செங்கலுக்கு வருவோம், என் மனசு அங்கேதான் இருக்கிறது.

நமக்குச் செங்கல் என்றால் சாதாரணப் பொருள். 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது பகட்டான பொருள். ரோமானியர்கள் போன பிறகு அந்த நாட்டில் செங்கல் சுடும் வேலை பல நூற்றாண்டு கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்துக் கைவினைஞர்கள் மூலம்தான் அது திரும்பப் பெரிய அளவில் வந்தது. 1430களில் டாட்டர்ஷால் கோட்டை, 1440களில் ஹர்ஸ்ட்மான்சூ கோட்டை எல்லாம் செங்கலில் எழுந்தபோது, கல் கிடைக்காமல் யாரும் செங்கல் வைக்கவில்லை, பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்று வைத்தார்கள். 1515இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் உல்சி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையைக் கட்டியதும் செங்கலில்தான்.

அந்தக் காலத்துச் செங்கல் மெல்லியது. இரண்டு அங்குலம், கொஞ்சம் கூடினால் இரண்டேகால் அங்குல உயரம்தான் இருக்கும். கையால் அச்சில் அறைந்து, விறகு வைத்துச் சுட்டது. ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, அதனால் இடையில் சுண்ணாம்புச் சாந்து தடிமனாக வரும். தூரத்தில் இருந்து பார்த்தால் சுவர் ஒரே சிவப்பாக இல்லாமல், சிவப்பும் வெளுப்பும் கலந்து துணி நெய்த மாதிரி இருக்கும். டியூடர் சுவரின் அழகு பாதி இந்தச் சாந்தில்தான்.

அப்புறம் அடுக்கும் முறை. ஒரு வரி முழுக்கக் கல்லின் நீளப்பக்கம் தெரியும்படி, அடுத்த வரி முழுக்கத் தலைப்பக்கம் தெரியும்படி வைப்பது இங்கிலீஷ் பாண்டு. நம் கொத்தனார்களுக்கும் சிவில் படித்தவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த பெயர்தான். ஒரே வரியில் நீளம், தலை, நீளம், தலை என்று மாறி மாறி வைத்தால் அது ஃப்ளெமிஷ் பாண்டு. டியூடர் காலச் சுவரில் பெரும்பாலும் இங்கிலீஷ் பாண்டுதான். ஃப்ளெமிஷ் பாண்டு இங்கிலாந்தில் பரவியது 1630களுக்குப் பிறகு, 1631இல் கட்டிய கியூ அரண்மனையை அதற்கு ஆரம்பகால உதாரணமாகக் காட்டுவார்கள். அதனால் மேலே டியூடர் முகப்பு, கீழே ஒழுங்கான ஃப்ளெமிஷ் பாண்டு என்று ஒரு வீட்டைப் பார்த்தால், வரைந்தவர் கூரையைப் பற்றிப் படித்த அளவுக்குச் சுவரைப் பற்றிப் படிக்கவில்லை என்று முடிவுகட்டலாம். என் நண்பர்கள் என்னோடு வாக்கிங் வர மறுப்பதற்கு இந்த மாதிரி பேச்சுதான் காரணம்.

சுவரில் கறுப்பு நிறத்தில் பெரிய பெரிய வைரக் கட்டங்கள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது வண்ணம் பூசியதல்ல. சூளையில் நெருப்புக்கு மிக அருகில் இருந்த கல்லின் தலைப்பக்கம் கூடுதலாக வெந்து, விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசும் சேர்ந்து, கண்ணாடி மாதிரி மினுங்கிக் கருநீலமாகிவிடும். நியாயமாகப் பார்த்தால் அது சூளைக்காரருக்குக் கழிவு. அதைத் தனியாகப் பொறுக்கி வைத்து, தலைப்பக்கம் வெளியே தெரியும்படி குறுக்கும் நெடுக்கும் செருகி அந்தக் கட்டங்களை உண்டாக்கினார்கள். கழிவை நகையாக்கிய அந்தப் புத்தி எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இதற்கு ஒரு இரண்டாம் பாகமும் உண்டு. 1858இல் ஹாஃப்மன் சூளைக்கு உரிமம் கிடைத்தது. நெருப்பு அணையாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் சூளை அது. அதன் பிறகு கல் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், லட்சக்கணக்கில் வரத் தொடங்கியது. முன்னூறு வருடமாகச் செங்கல்காரர்கள் ஏங்கியது அதற்குத்தான். கிடைத்த கொஞ்ச காலத்திலேயே கட்டடக் கலைஞர்களுக்கு அது அலுத்துவிட்டது! உயிரே இல்லை, ரூல் போட்ட நோட்டு மாதிரி இருக்கிறது என்று பழைய கோணல் கல்லைத் தேடத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1900 தொடங்கி 1930 வரை, சூளையில் கருகி முறுக்கிப்போய் முன்பெல்லாம் தூக்கிப் போட்ட கல்லை வேண்டும் என்றே கேட்டு வாங்கி முகப்பில் வைக்கும் பழக்கம் பரவியது. கிளிங்கர் செங்கல் என்பார்கள், தட்டினால் கிணுங்கென்று சத்தம் வரும். உங்கள் பேட்டையிலேயே சில வீடுகளில் இந்தச் செங்கல் சுவரை விட்டுத் துருத்திக்கொண்டு, உருகிய வெல்லக்கட்டி மாதிரி நிற்பதைப் பார்க்கலாம். கட்டியவர் குடித்துவிட்டுக் கட்டவில்லை, காசு கொடுத்து வைத்த கோணல் அது. அதே மனநிலைதான் ஸ்டான் ஹீவெட்டிலும், அங்கே செங்கல்லோடு மரமும் கல்லும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

புகைபோக்கிகளைப் பற்றி. வீட்டில் 23 கணப்புகள் (குளிருக்கு நெருப்பு மூட்டும் சுவரடுப்புகள்) இருக்கின்றன, அதற்கேற்பக் கூரைக்கு மேலே புகைபோக்கிகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. 1912இல் நீராவியிலோ வெந்நீரிலோ வீட்டைச் சூடாக்க வழி வந்துவிட்டது, 23 கணப்புக்குத் தேவையே இல்லை. ஆனால் டியூடர் காலத்து வீட்டுக்குப் புகைபோக்கிதான் மூக்குத்தி. அதற்கு முன்னால் கூடத்தின் நடுவில் தரையிலேயே நெருப்பு எரியும், புகை கூரை வழியாக எப்படியோ போகும். 1570களில் ஊர்நிலவரம் எழுதிவைத்த ஓர் ஆங்கிலப் பாதிரியார், தங்கள் வாழ்நாளில் வியப்பாக மாறிப்போனவை என்று கிராமத்துப் பெரியவர்கள் சொன்ன மூன்றில் முதலாவதாகப் புகைபோக்கி பெருகியதைத்தான் குறிக்கிறார். (மற்ற இரண்டு, படுக்கை மெத்தையானதும் மரத்தட்டு ஈயத்தட்டானதும்.) புகைபோக்கி இருந்தால் கூடத்துக்கு மேலே இன்னொரு மாடி போடலாம், ஒவ்வொருவருக்கும் தனி அறை கிடைக்கும், வீட்டின் அமைப்பே மாறிவிடும். அவ்வளவு பெரிய மாற்றத்தைத் தந்த பொருளை ஒளித்தா வைப்பார்கள்? செங்கல்லைச் செதுக்கியும் அச்சில் வார்த்தும், முறுக்கு மாதிரி திருகியும் எட்டுப்பட்டையாகவும் வானத்தில் நிறுத்தினார்கள். அக்ரனில் இருப்பது அந்தப் பெருமையின் எதிரொலி.

சன்னல் கதையும் இதேபோலத்தான். 21,000க்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள் அந்த வீட்டில் இருக்கின்றன. 1500ஐ ஒட்டிய காலத்தில் கண்ணாடியைக் குழாயில் ஊதித்தான் செய்வார்கள், பெரிய தகடாக வராது, அதனால் சின்னச் சின்னதாக வெட்டி ஈயப் பட்டையில் கோத்தார்கள். 1915இல் கடை முகப்பு அளவுக்குப் பெரிய தகடு எளிதாகக் கிடைத்தது, ஆனாலும் சின்னதாகவே வைத்தார்கள். போலி என்று நீங்கள் சொல்ல வேறெங்கும் இல்லாவிட்டாலும் இங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் சாயங்கால வெயிலில் பாருங்கள். ஒரே தகடு என்றால் ஒரே பளபளப்பு. ஈயத்தில் கோத்த துண்டு ஒவ்வொன்றும் நூலிழை சாய்ந்திருக்கும், ஒன்று வானத்தைக் காட்டும், பக்கத்துத் துண்டு மரத்தைக் காட்டும். கறுப்பு மரச்சட்டம், வெள்ளைப் பூச்சு என்கிற அந்தப் பளிச்சென்ற ஜோடிக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது பெரும்பாலும் விக்டோரியா காலத்து ருசி. பழைய வீடுகளில் ஓக் மரத்தை அப்படியே விட்டுச் சாம்பல் நிறமாக வெளுக்கவிடுவதுதான் அதிகம்.

உள்ளே வந்தால் விளையாட்டே வேறு. மரப்பலகை அடித்த சுவர்களுக்குப் பின்னால் டெலிபோன் ஒளிந்திருக்கும். நிலவறையில் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும். இசைக் கூடத்தில் ஏயோலியன் கம்பெனி செய்த ஆர்கன் என்ற பெரிய குழல் வாத்தியம். உள் அலங்காரத்தைக் கவனித்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஹ்யூகோ ஹூபர். எட்டாம் ஹென்றிக்குக்கூடக் கிடைக்காத வசதியை எட்டாம் ஹென்றி காலத்துப் பலகைக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறார்கள். இதைப் பொய் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை நாகரிகம் என்பேன், வீட்டுக்கு வந்தவர் கண்ணில் பட வேண்டியது எது, பட வேண்டாதது எது என்று முடிவு செய்வது வீட்டுக்காரர் உரிமை.

வீடு நிற்கும் இடத்துக்கும் தனிப் பாராட்டு சொல்ல வேண்டும். தோட்டத்தை வகுத்தவர் வாரன் மேனிங். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை அமைத்த ஓல்ம்ஸ்டெட்டிடம் வேலை பார்த்தவர். குயஹோகா பள்ளத்தாக்கு தெரியும்படி வீட்டை மேட்டின் ஓரத்தில் அமைத்து, கல் வெட்டிய பழைய குழியைக் குளமாக்கி, வீட்டின் ஒரு கோடியில் இருந்து 550 அடி நீளத்துக்குப் பிர்ச் மர வரிசை ஒன்றை நட்டார். அந்த வெள்ளை அடிமரங்களின் நடுவே நடந்துபோய்த் திரும்பிச் செங்கல் சுவரைப் பாருங்கள், கட்டடத்தை மட்டும் பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு அரைகுறை என்று தெரியும். ஆங்கிலத் தோட்டம் என்ற மதில் சூழ்ந்த பகுதி மட்டும் பின்னால், 1929இல் எல்லன் ஷிப்மன் மாற்றி அமைத்தது.

ஏன் இங்கிலாந்து? சைபர்லிங் குடும்பத்தின் பூர்வீகம் ஜெர்மனி. ஆங்கிலேயப் பாட்டன் வீட்டை நினைத்து அவர் ஏங்கியிருக்க வாய்ப்பில்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் புதுப்பணக்காரர்களுக்கு, கணப்பும் பெரிய கூடமும் விருந்தோம்பலும் கூடிய பழைய ஆங்கில மேனர், அதாவது கிராமத்து நிலக்கிழார் மாளிகை, என்பது குடும்பம், வேர், நிலைத்திருப்பு என்பவற்றுக்கெல்லாம் ஒரு சுருக்கெழுத்து. புதிதாக வந்த பணத்துக்கு வயது ஒன்றுதான் குறை, அதையும் கட்டிக்கொண்டார்கள். வாசலுக்கு மேலே லத்தீனில் நான் நோபிஸ் சோலம் என்று பொறித்திருக்கும், நமக்காக மட்டும் அல்ல என்று பொருள். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் நான் குட்இயர் ஹைட்ஸ் பற்றிச் சொல்வேன். இங்கிலாந்துப் பயணம் போன அதே 1912இல் தன் ஆலைத் தொழிலாளர்களுக்காக சைபர்லிங் தொடங்கிய குடியிருப்பு அது, தவணையில் வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளும்படி. அதையும் வகுத்தவர் அதே வாரன் மேனிங். அங்கேயும் சின்னச் சின்ன ஆங்கிலக் குடில் சாயல் வீடுகள் இருக்கின்றன. ஒரு நாள் அங்கேயும் நடந்து பாருங்கள், மாளிகையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

மீதிப் பாதியும் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. டயருக்கு ரப்பர் வேண்டும். இந்த வீடு எழுந்துகொண்டிருந்த 1913 வாக்கில்தான் தோட்ட ரப்பர் பிரேசில் காட்டு ரப்பரை உற்பத்தியில் முந்தியது. மலாயாவின் பால்மரக் காடுகளில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் இருந்து கப்பலேறிய சனம். எந்தத் தோட்டத்துப் பால் எந்த டயரானது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் அந்தப் பெரிய கூடத்தில் நிற்கும்போது எனக்குத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

1921இல் கம்பெனி சைபர்லிங் கையை விட்டுப் போனது. இன்னொரு ரப்பர் கம்பெனி தொடங்கினார். வீட்டை மட்டும் விடவில்லை. கெர்ட்ரூட் 1946இல் காலமானார், சைபர்லிங் 1955இல் காலமானார். 1957இல் பிள்ளைகள் வீட்டை ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்தார்கள், அதனால்தான் இன்று டிக்கெட் வாங்கி நாம் உள்ளே போக முடிகிறது.

இந்தப் பாணி அக்ரனில் பிறந்ததும் அல்ல. இங்கிலாந்திலேயே 1860களில் ரிச்சர்ட் நார்மன் ஷா போன்றவர்கள் பழைய கிராமத்து வீடுகளின் செங்கல், ஓடு, உயரப் புகைபோக்கி எல்லாவற்றையும் எடுத்து லேஸ்வுட் மாதிரி புது வீடுகளை வரைந்தார்கள். அந்த வரைபடங்கள் பத்திரிகை வழியாக அமெரிக்கா போனது, 1870களின் நடுவில் எச். எச். ரிச்சர்ட்சன் நியூபோர்ட்டில் வாட்ஸ் ஷெர்மன் வீட்டைக் கட்டினார், அப்படியே பரவியது. வெள்ளைக்காரன் போன மலைவாசத்தலங்களுக்கும் இதே பாணி கூடவே போனது. இலங்கையின் நுவரெலியா தபால் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும், 1894இல் கட்டிய செங்கல் கட்டடம், மணிக்கூண்டோடு. அது ஸ்டான் ஹீவெட்டின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வீடு. 1920களில் வந்தவற்றில் பெரும்பாலானவை வேறு சாதி. ஸ்டான் ஹீவெட் மாதிரி வீட்டுக்குச் செலவழிக்க யாரிடம் பணம் இருந்தது? மரச்சட்டத்தில் வீட்டைக் கட்டிவிட்டு, வெளியே ஒரு கல் தடிமனுக்குச் செங்கல்லைப் போர்வை மாதிரி போர்த்தி, உலோகப் பட்டியால் மரத்தோடு பிணைக்கும் முறை அப்போதுதான் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலைக்கு வந்தது. புறநகர் முழுக்க டியூடர் முளைத்ததன் ரகசியம் அதுதான். இதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் எது எது என்று தெரிந்திருக்க வேண்டும். சுவரில் எங்கே பார்த்தாலும் கல்லின் நீளப்பக்கம் மட்டுமே தெரிந்தால் அது அநேகமாகப் போர்வை. ஆறு வரிக்கு ஒரு வரி தலைப்பக்கம் தெரிந்தால் முழுச் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் முன்வரிசையையும் பின்வரிசையையும் பிணைக்க அந்தத் தலைக்கல் உள்ளே போக வேண்டும். சிலர் கல்லைப் பாதியாக உடைத்துத் தலைப்பக்கம் மாதிரி காட்டியும் ஏமாற்றுவார்கள், அதனால் சன்னல் படியில் கைவைத்துச் சுவரின் தடிமனையும் அளந்துபாருங்கள்.

சன்னலுக்கு மேலே மூலையில் இருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறினால் உள்ளே இருக்கும் இரும்பு லிண்டல் (சன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் உத்திரம்) துருப்பிடித்து உப்பிக் கல்லைத் தூக்குகிறது என்று சந்தேகப்படுங்கள். மரச்சட்டம் என்று தெரிவது உண்மைச் சட்டமா, பூச்சின் மேல் ஆணியடித்த ஓரங்குலப் பலகையா என்று தட்டிப்பாருங்கள். பலகை என்றால் மேல்விளிம்பில் தண்ணீர் தங்கும், அங்கேதான் முதலில் உளுத்துப்போகும். புகைபோக்கியைக் கீழே இருந்து பார்த்து நம்பாதீர்கள், நாலு பக்கமும் மழையும் பனியும் அடிக்கிற ஒரே சுவர் அது, யாரையாவது ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சாந்து. அனுபவத்தில் சொல்கிறேன். நான் முதலில் வாங்கிய வீடும் இதே காலத்துச் செங்கல் வீடுதான். கல்லுக்கு நடுவே சாந்து உதிர்ந்திருந்தது, அவசரத்தில் ஓர் ஒப்பந்தக்காரரைப் பிடித்தேன், அவர் கெட்டியான சிமென்ட் கலவையால் பாயிண்டிங் செய்து, அதாவது கல்லிடுக்குகளை அடைத்து, அழுக்கு போக மணல் பீய்ச்சியும் கொடுத்தார். புது வீடு மாதிரி பளபளவென்று இருந்தது. மூன்று குளிர்காலம் போனது, கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்தது. பழைய கல் மெத்து, சூளையில் வெந்த மேல்தோல்தான் அதற்குக் கவசம், மணல் அந்தத் தோலை உரித்துவிட்டது. சுவருக்குள் போன ஈரம் முன்பு சுண்ணாம்புச் சாந்து வழியாக மூச்சுவிட்டு வெளியேறும், இப்போது சிமென்ட் வாயை அடைத்துவிட்டதால் கல் வழியாகவே வெளியேறப் பார்த்து, அங்கேயே உறைந்து, உப்பி, முகத்தைப் பெயர்த்துவிட்டது. சாந்து எப்போதும் கல்லை விட மிருதுவானதாக இருக்க வேண்டும். உதிர்வது சாந்தாக இருந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம், கல் உதிர்ந்தால் அந்தக் கல்லை எங்கே போய்த் தேடுவது?

அதனால் அடுத்த முறை அந்த வீட்டைப் பார்க்கப் போகும்போது தரகர் சமையலறையைக் காட்டிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வடக்குச் சுவருக்குப் போங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் சாந்தை லேசாகக் கீறுங்கள். பொடியாக உதிர்ந்தால் பழைய சுண்ணாம்பு, செலவு உண்டு, பயமில்லை. சாவிதான் தேய்கிறது என்றால் அந்தச் சிமென்ட் வேலை எந்த வருடம் நடந்தது என்று கேளுங்கள், பதில் வரும் வரைக்கும் விலை பேசாதீர்கள்.